மார்பிள்ஹெட்டில் குளோவர் படையின் தடங்களைப் பார்ப்பது எப்படி?

பாஸ்டனுக்கு வடகிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் மார்பிள்ஹெட். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நான் அங்கே கூட்டிப்போகாமல் விடுவதில்லை. அமெரிக்க விடுதலைப் போரில் துடுப்புப் போட்டே ஒரு படையைக் காப்பாற்றிய மீனவர்களின் ஊர் அது.

முதலில் துறைமுகத்துக்குப் போங்கள். ஃப்ரன்ட் தெருவில் கடலோரமாக நடந்தால் கடைசியில் சூவல் கோட்டை வரும். அங்கிருந்து துறைமுகவாயைப் பாருங்கள். இந்த வழியாகத்தான் நியூஃபவுண்ட்லாந்து கடல்வரை காட் மீனுக்குப் போனார்கள். 1775-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதற்குத் தடை போட்டது. பிழைப்பில் கை வைத்தால் சும்மா இருப்பார்களா? மீன் வணிகர் ஜான் குளோவரின் படைப்பிரிவில் சேர்ந்தார்கள். வெள்ளையர்களோடு கறுப்பினத்தவரும் பூர்வகுடியினரும் அதில் இருந்தார்கள்.

கிளம்புவதற்கு முன் இரண்டு இரவுகளைப் பற்றிக் கட்டாயம் படித்துவிடுங்கள். ஒன்று, 1776 ஆகஸ்ட் 29. நியூயார்க்கின் புரூக்ளினில் அமெரிக்கப் படைத்தலைவர் வாஷிங்டன் தோற்று, முன்னால் எதிரி, பின்னால் ஆறு என்று மாட்டிக்கொண்டார். குளோவரின் ஆட்கள் துடுப்புச் சத்தம் கேட்காமலிருக்கத் துணி சுற்றி, இருட்டில் மாறி மாறிப் படகு வலித்து, சுமார் 9,000 பேரைக் கிழக்கு ஆற்றைத் தாண்டி மன்ஹாட்டனில் சேர்த்தார்கள். பக்கத்து ஊர்ப் படகோட்டிகளும் கைகொடுத்தார்கள். விடிந்தும் வேலை முடியவில்லை. நல்லவேளை, பனிமூட்டம் மறைத்துக்கொண்டது. அன்று படகு கவிழ்ந்திருந்தால் போரே அங்கே முடிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, அந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் இரவு. டெலவேர் ஆற்றில் பனிக்கட்டிகள் மிதக்க, இரும்புச் சுமை ஏற்றும் டர்ஹம் படகுகளில் 2,400 வீரர்களை அக்கரை சேர்த்தார்கள். பீரங்கிகளும் குதிரைகளும் அக்கரை போய்ச் சேர்ந்தன. காலையில் எதிரி பிடியிலிருந்த டிரென்டன் நகரம் விழுந்தது.

அப்புறம் குளோவர் வீடு. அது தனியார் வீடு, வெளியே நின்று பார்த்தால் போதும், கதவைத் தட்டாதீர்கள். அங்கிருந்து பழைய இடுகாட்டு மேட்டுக்கு ஏறுங்கள். குளோவரின் கல்லறை அங்கேதான். சிறகு முளைத்த மண்டையோடு செதுக்கிய பலகைக்கற்களை நிதானமாகப் பாருங்கள். மழை பெய்திருந்தால் புல் வழுக்கும், நல்ல செருப்பு வேண்டும்.

டிசம்பரில் வருகிறவர்கள் பென்சில்வேனியாவின் வாஷிங்டன் கிராசிங்குக்கும் போகலாம். அந்த டெலவேர் ஆற்றுக் கடப்பை அங்கே ஆண்டுதோறும் நடித்துக் காட்டுகிறார்கள். ஆற்றில் நீரோட்டம் அதிகமானால் படகு இறக்கமாட்டார்கள். முந்தின நாளே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.