கால் நகம் சதைக்குள் இறங்கிச் சீழ் வைத்துவிட்டால் என்ன செய்வது?

கால் பெருவிரல் நகத்தின் ஓரம் பக்கத்துச் சதையைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்கினால், போர்வை உரசினாலே உயிர் போகும். முதலில் நகக்கண் சிவந்து வீங்கும். பிறகு விண்விண்ணென்று தெறிக்கும், சீழ் கசியும். உடனே எல்லோருக்கும் தோன்றுவது, அந்த மூலையைத் தோண்டி வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பதுதான். பெரும்பாலும் வலி தொடங்கியதே அப்படி வெட்டியதில்தான். மூலையை வளைத்து ஒட்ட வெட்டும்போது கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கூர்முனை மிஞ்சும், நகம் வளர வளர அது சதைக்குள் இறங்கும்.

தொடங்கும் முன்

சர்க்கரை நோய் இருக்கிறதா? பாதம் மரத்துப் போகிறதா? காலுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாரா? ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் கீழே உள்ள எதையும் முயல வேண்டாம், இன்றே மருத்துவரிடம் போங்கள். சிவப்பு விரலைத் தாண்டிப் பாதத்துக்குப் பரவினாலும், காய்ச்சல் வந்தாலும், தொடை இடுக்கில் நெறி கட்டினாலும் அப்படித்தான்.

படி 1: ஊறவைத்தல்

ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு போட்டுக் கரையுங்கள். சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது. காலை 15 நிமிடம் வைத்திருங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். ஒரே ஒரு தடவை செய்துவிட்டுப் பலன் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். கிருமிநாசினி எதையும் அதில் ஊற்றத் தேவையில்லை, புண் எரிவதுதான் மிச்சம். அப்புறம் சுத்தமான துணியால் ஒற்றி நன்றாக உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் சதை ஊறி, நகம் இன்னும் எளிதாக உள்ளே இறங்கும்.

படி 2: சதையை நகத்திலிருந்து விலக்குதல்

உண்மையில் குணம் தருவது இதுதான். மருந்துக் கடையில் கிடைக்கும் பிளாஸ்திரியில் விரல் அகலத் துண்டு ஒன்றை நீளமாக வெட்டுங்கள். அதன் ஒரு முனையை நகத்தை ஒட்டிய வீங்கிய சதையின் மேல் ஒட்டி, சதை நகத்தை விட்டு விலகும்படி பக்கவாட்டில் கீழ்நோக்கி இழுத்து, விரலின் அடிப்பக்கமாகச் சாய்வாகச் சுற்றி மேலே கொண்டுவந்து ஒட்டுங்கள். நகத்தை மூட வேண்டாம். விரல் நுனி வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ இறுக்கம் அதிகம், தளர்த்துங்கள். நனைந்தால் மாற்றிவிடுங்கள்.

சீழ் இல்லாமல் வெறும் வலி மட்டும் இருந்தால், ஊறவைத்த பின் நக ஓரத்தின் அடியில் மெல்லிய பஞ்சுத் திரி ஒன்றை வைத்துத் தினமும் மாற்றலாம். சீழ் இருக்கும்போது திணிக்காதீர்கள்.

படி 3: மூடுவதும் வலியும்

கசிவு இருந்தால் லேசாக காஸ் துணி வைத்து மூடுங்கள். முன்பக்கம் திறந்த செருப்பு போதும். வலிக்குப் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை நீங்களாக விழுங்காதீர்கள். குத்தும் நகம் உள்ளேயே இருக்கும்வரை மாத்திரை மட்டும் அதைத் தீர்க்காது.

எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகச் சொல்லும் பாட்டிமார் எல்லா ஊரிலும் உண்டு. கை விரல் நகச்சுற்றுக்குச் சொல்லும் வைத்தியம் அது. இங்கே திறந்த புண்ணில் எலுமிச்சைச் சாறு பட்டால் துள்ளிக் குதிப்பீர்கள், நகமோ இருந்த இடத்திலேயே இருக்கும். ஊசியால் கிளறுவதும் பிளேடால் கீறுவதும் வேண்டவே வேண்டாம்.

படி 4: எப்போது மருத்துவர்?

இரண்டு மூன்று நாளில் வலி குறையத் தொடங்க வேண்டும். குறையாவிட்டாலோ, நக ஓரத்தில் தொட்டால் ரத்தம் கசியும் சிவந்த சதை முளைத்தாலோ பொது அறுவை மருத்துவரைப் பாருங்கள். பயப்பட ஒன்றுமில்லை. விரலின் அடியில் இரு பக்கமும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அந்த ஊசிதான் வலிக்கும், அதற்குப் பிறகு வலி தெரியாது. குத்தும் பக்கத்தில் நகத்தை நீளவாக்கில் ஒரு கீற்றாக எடுத்துவிட்டு, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அப்போது ஒன்று கேளுங்கள்: “அந்த ஓரத்தின் வேருக்கு ஃபீனால் வைப்பீர்களா?” நக வேரைச் சுட்டு அழிக்கும் ரசாயனம் அது. வைத்தால் அந்தக் கீற்று மறுபடி வளர்வது வெகுவாகக் குறையும். நகம் கொஞ்சம் ஒடுங்கித் தெரியும், சில வாரம் நீர் கசியும், அவ்வளவுதான். முழு நகத்தையும் பிடுங்கினால் அது திரும்ப வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். வேர் அப்படியே இருப்பதால் பழையபடி உள்ளே இறங்கவும் கூடும்.

ஆறிய பிறகு

குளித்த பின் நகம் மெத்தென்று இருக்கும்போது நேராக வெட்டுங்கள். இரு மூலைகளும் சதைக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். கூராக இருந்தால் அரத்தால் லேசாகத் தேயுங்கள். ஷூ வாங்க மாலையில் போங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். போட்டு நின்று பார்த்து, விரல்கள் உள்ளே தாராளமாக அசைந்தால் மட்டும் வாங்குங்கள்.