புது வேலையில் முதல் மாதம்: வடசென்னைப் பிள்ளைகளுக்குப் படிப்படியாக

ஆஃபர் லெட்டர் வந்த அன்றைக்கு வீடே சந்தோஷமாக இருக்கும். சேர வேண்டிய தேதி நெருங்க நெருங்க வயிற்றில் புளியைக் கரைக்கும். தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனையில், துறைமுகச் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் ஆபீஸுக்கு நான் முதன்முதலாக வேலைக்குப் போனபோதும் அப்படித்தான் இருந்தது. இன்றைக்கு அதே துறையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறேன். எந்த வண்டி, எந்தப் பேப்பர், யாரைக் கேட்பது என்று தெரியாததால்தான் முதல் நாள் பயம் பெரிதாகிறது. இதையெல்லாம் முன்கூட்டியே முடித்துவைத்தால் பாதி பயம் வீட்டிலேயே நின்றுவிடும்.

படி 1: உங்கள் பெயரைச் சரிபாருங்கள்

ஆதார், பான், வங்கி பாஸ்புக், மார்க் ஷீட் நான்கையும் தரையில் வரிசையாக வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நம் ஊர் இனிஷியல் இங்கேதான் சிக்கல் பண்ணும். ஆதாரில் 'கு. செல்வி' என்று இருக்கும். பான் கார்டில் இனிஷியலை விரித்து 'செல்வி குமார்' என்று போட்டிருப்பார்கள். ஒரே ஆள்தான், ஆனால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கோடு இணைக்கும்போது கம்ப்யூட்டர் ஏற்காது. பிறந்த தேதி மாறியிருந்தாலும் இதே கதைதான். திருத்த நாள் பிடிக்கும் என்பதால், சேருவதற்கு முன்பே ஆதார் சேவை மையத்துக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ், நான்கு பாஸ்போர்ட் போட்டோ. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. டெபாசிட் கட்டினால்தான் வேலை என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

படி 2: ஆஃபர் லெட்டரை வரி வரியாகப் படியுங்கள்

வருஷத்துக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, அது அப்படியே கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். பி.எஃப். பிடிக்கும் கம்பெனியானால் அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் சேர்த்து அதில் 12 சதவீதம் பொதுவாகப் பிடிப்பார்கள். கம்பெனியும் தன் பங்கைப் போடும். பல கம்பெனிகள் அந்தப் பங்கையும் வருஷத் தொகைக்குள்ளேயே சேர்த்துக் காட்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடு) உண்டு. உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், கம்பெனி கட்டுவது 3.25 சதவீதம். அது வீண் பிடித்தம் இல்லை. அம்மா அப்பா உங்கள் வருமானத்தை நம்பியிருந்தால் அவர்களையும் சேர்க்கலாம். நம் பக்கத்தில் அயனாவரத்திலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது.

நோட்டீஸ் பீரியட் (வேலையை விடுவதானால் முன்கூட்டியே சொல்ல வேண்டிய காலம்) எத்தனை நாள், பயிற்சிக் காலம் எத்தனை மாதம் என்பதையும் பாருங்கள். புரியாததைச் சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 3: ஒருநாள் ஒத்திகை பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு 'முக்கால் மணி நேரம்தான்' என்று நினைப்பவர்கள் நிறைய. திங்கள்கிழமை காலையில், வேலைக்குக் கிளம்ப வேண்டிய அதே நேரத்தில் கிளம்பிப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்களுக்குப் பெரிய நிம்மதி. கிண்டியில் வேலை என்றால் வண்டியே மாற வேண்டாம். கோயம்பேடு பக்கம் என்றால் சென்ட்ரலில் மாற வேண்டும். மணலிக்காரர்கள் பஸ்ஸை நம்பித்தான் இருக்கிறீர்கள், அதனால் கண்டெய்னர் லாரி வரிசை நிற்கிற நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

மழைக்காலத்துக்கு இரண்டாவது வழி ஒன்று கட்டாயம் வேண்டும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று அங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 4: 'வீடு எங்கே?' என்று கேட்பார்கள்

முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். இதற்குப் பதில் சொல்லத் தடுமாறுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வியாசர்பாடிப் பெண் 'பெரம்பூர் பக்கம்' என்பாள். காசிமேட்டுப் பையன் 'பீச் ஸ்டேஷன்கிட்ட' என்பான். ஏரியா பேரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மாறுமோ என்ற பயம்தான். சிலர் முகம் மாறவும் செய்யும், எனக்கே நடந்திருக்கிறது.

இருந்தாலும் ஏரியா பேரை நேராகச் சொல்லுங்கள் என்பேன். முதல் நாள் மறைத்தால், மழையில் லேட்டாகும் நாளிலும் வீட்டுக்கு நண்பர்கள் வருகிறேன் என்கிற நாளிலும் மறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த நகரத்தின் துறைமுக வேலையும் ரயில்வே பட்டறை வேலையும் நம் பக்கத்து ஆட்கள் கையால் நடந்தவை. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதும் பெரம்பூர் மில் தொழிலாளர்களை வைத்துத்தான். 'வியாசர்பாடிங்க, நீங்க?' என்று நிமிர்ந்து கேட்டால் பேச்சு தானாக அடுத்த விஷயத்துக்குப் போய்விடும்.

படி 5: சின்ன நோட்டு ஒன்று

சட்டைப் பையிலோ கைப்பையிலோ அடங்குகிற அளவு போதும். முதல் பக்கத்தில் ஆட்களின் பெயர், யார் எந்த வேலை, யாரை சார் என்கிறார்கள், யாரை அண்ணா, அக்கா என்கிறார்கள். வேலை சொல்லித் தரும்போது தலையை மட்டும் ஆட்டாதீர்கள். 'அக்கா, நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு ஒரு தடவை சொல்றேன்' என்று திருப்பிச் சொல்லுங்கள். விட்டுப்போனது அப்போதே தெரிந்துவிடும். ஆங்கில மெயிலுக்குப் பயமா? ஆபீஸில் ஏற்கெனவே போன நான்கு மெயிலை மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக மெயில் பெரும்பாலும் அதே வாக்கியங்கள்தான்.

படி 6: தவறு நடந்தால் உடனே சொல்லுங்கள்

கண்டெய்னர் எண் என்பது நான்கு எழுத்து, ஏழு இலக்கம். சேர்ந்த இரண்டாவது வாரம், அதில் இரண்டு இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டேன். மத்தியானமே கண்ணில் பட்டது. திட்டுவார்களே என்று இரண்டு மணி நேரம் வாய் திறக்கவில்லை. உள்ளங்கை வியர்த்து கீபோர்டே ஈரமாகிவிட்டது. அதற்குள் லாரி கேட்டில் போய் நின்றுவிட்டது. டிரைவர் வெயிலில் காத்திருந்தார். பார்த்த உடனே சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் திருத்தியிருப்பார்கள். அந்த டிரைவர் காத்திருந்த நேரம் இன்றைக்கும் எனக்கு மனசில் இருக்கிறது.

'சார், இதில் தப்பு பண்ணிட்டேன். எண் மாறியிருக்கு, சரியானது இது. இப்போ யார்கிட்ட சொல்லணும்?' இந்த வரிசையில் சொன்னால் போதும்.

படி 7: முதல் சம்பளச் சீட்டு

பணம் வந்த எஸ்.எம்.எஸ்.ஸோடு நின்றுவிடாமல் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பெயர், வேலை செய்த நாட்கள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் எல்லாம் ஆஃபர் லெட்டரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பி.எஃப். கணக்குக்கான 12 இலக்க யு.ஏ.என். நம்பரை நோட்டின் கடைசி அட்டைக்குள் எழுதிவைத்துவிடுங்கள். அடுத்த கம்பெனிக்குப் போனாலும் அதே நம்பர்தான்.