டூ ஃபேக்டர் கட்டாயமான பிறகு நாம் செய்யும் தவறுகள்

பழைய போனை ஃபேக்டரி ரீசெட் செய்து அண்ணன் மகனிடம் கொடுத்த பிறகுதான் புது போனில் என் மின்னஞ்சலைத் திறந்தேன். பாஸ்வேர்ட் சரியாக இருந்தது. அடுத்து ஆறு இலக்க எண்ணைக் கேட்டது. பாஸ்வேர்டோடு இப்படி இரண்டாவதாக இன்னொரு சான்றும் கேட்பதுதான் டூ ஃபேக்டர். அந்த எண்ணைக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பை இறக்கித் திறந்தால் வெறும் திரை. சரி, ஆப் கைவிட்டால் பயன்படுத்தத் தளம் முன்கூட்டியே தரும் பேக்கப் கோடுகளைத்தான் எடுத்து வைத்திருக்கிறோமே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எடுத்துத்தான் வைத்திருந்தேன், ஸ்க்ரீன்ஷாட்டாக. அது பழைய போனின் கேலரியில் இருந்தது. அந்த கேலரியின் நகல் இதே மின்னஞ்சல் கணக்கின் கிளவுடில் இருந்தது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். கணக்கு திரும்பக் கிடைக்க ஒன்பது நாள் ஆனது.

இந்த ஒன்பது நாளில் எந்தத் திருடனுக்கும் பங்கில்லை. டூ ஃபேக்டரைப் பற்றிப் புலம்புகிறவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. உள்ளே விடமாட்டேன் என்று தளம் கழுத்தைப் பிடிக்கிற நேரத்தில், எரிச்சலோடு இரண்டு நிமிடத்தில் அமைத்து முடிக்கிறோம். போன் தொலைந்தால் என்ன செய்வது என்று அப்போது யோசிப்பதில்லை.

எஸ்எம்எஸ் மோசம் என்று படித்துவிட்டு அணைத்து வைப்பது

ஓரளவு விவரம் தெரிந்தவர்கள் செய்யும் தவறு இது. எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபிக்குப் பலவீனங்கள் உண்டு. மொபைல் நிறுவன ஊழியரை ஏமாற்றி உங்கள் எண்ணைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் சிம் ஸ்வாப் மோசடி நிஜமாகவே நடக்கிறது. 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைமைச் செயல் அதிகாரி ஜாக் டோர்சியின் எண்ணையே கைப்பற்றி, குறுஞ்செய்தி வழியாக அவர் கணக்கில் கண்டதையும் எழுதினார்கள்.

ஆனால் அதே 2019-ல் கூகுள் வெளியிட்ட ஆய்வையும் பார்க்க வேண்டும். எஸ்எம்எஸ் கோடு இருந்த கணக்குகளில் பாட் எனும் தானியங்கி நிரல்களின் தாக்குதல்கள் 100 சதவீதமும், போலிப் பக்கம் காட்டி மொத்தமாக வலைவீசும் ஃபிஷிங் 96 சதவீதமும் தடுக்கப்பட்டன. குறிப்பிட்ட ஒருவரையே குறிவைக்கும் தாக்குதலில் மட்டும் அது 76 சதவீதமாக இறங்கியது. என்னையும் உங்களையும் தேடி வருவது பெரும்பாலும் முதல் இரண்டு வகைதான். எங்கோ கசிந்த பாஸ்வேர்ட் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தளமாகத் தட்டிப்பார்க்கும் நிரலுக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. 2021 இறுதிக்குள் கூகுள் 15 கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கேட்காமலே டூ ஃபேக்டர் வளையத்துக்குள் கொண்டுவந்தது. அந்தக் கணக்குகளில் கைப்பற்றல் பாதியாகக் குறைந்ததாகப் பிறகு அறிவித்தது. திணித்தது எனக்கும் பிடிக்கவில்லை. பலன் இருந்ததை மறுக்கவும் முடியவில்லை.

ஆகவே, வேறு வழி இல்லாத தளத்தில் எஸ்எம்எஸ்ஸே இருக்கட்டும். வழி இருக்கும் தளத்தில் ஆப்புக்கு மாறுங்கள்.

ஆப் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் பயன்படுத்துவது

ஆத்தென்டிகேட்டரில் தெரியும் எண் எங்கிருந்தோ வந்து இறங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது உங்கள் போனிலேயே பிறக்கிறது. முதல் நாள் ஸ்கேன் செய்த க்யூஆர் கோடுக்குள் ஒரு ரகசியச் சரம் இருக்கிறது. அது தளத்திடம் ஒன்று, உங்கள் ஆப்பிடம் ஒன்று என இரண்டு இடத்தில் தங்கிவிடுகிறது. இருவரும் அந்தச் சரத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரே ஆறு இலக்கம் கிடைக்கும். 30 விநாடிக்கு ஒருமுறை எண் மாறும். 2011-ல் ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் எழுதிவைத்த முறை இது. விமானத்தில் நெட் இல்லாமலும் எண் வருவது இதனால்தான்.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அந்தச் சரம் இல்லாத புது போனில் ஆப்பை மட்டும் இறக்கினால் ஒன்றும் வராது. ஆகவே பழைய போன் கையில் இருக்கும்போதே ஆப்பின் எக்ஸ்போர்ட் வசதி வழியாக மாற்றி, புது போனில் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் ரீசெட். கிளவுட் பேக்கப் தரும் ஆப்களும் உண்டு. கூகுள் ஆத்தென்டிகேட்டரில் அந்த வசதி 2023 ஏப்ரலில்தான் வந்தது. வசதி இருந்தால் மட்டும் போதாது, அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். க்யூஆர் கோடைப் படம் பிடித்து யாருக்கும் அனுப்பாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் கிடைத்தவரின் போனிலும் உங்கள் எண் ஓடும்.

எண்ணைக் கணக்கிடுவதில் நேரமும் சேர்வதால் இன்னொரு வேடிக்கை உண்டு. என் அக்கா காலையில் தாமதமாகக் கூடாது என்று போன் கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் ஓடவிடுவாள். ஆப்பில் எண் வருகிறது, தளம் தவறு என்கிறது. மறுபடி எண், மறுபடி தவறு. தளத்தைத் திட்டித் தீர்த்த பிறகு என்னைக் கூப்பிட்டாள். ஐந்து நிமிடம் என்றால் பத்து 30 விநாடிகள். தளங்கள் பொதுவாக முன்னும் பின்னும் ஓரிரு சுற்று எண்களைத்தான் ஏற்கும். அக்காவின் போன் இன்னும் பிறக்காத எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. நேரத்தைத் தானியங்கிக்கு மாற்றியதும் முதல் முயற்சியிலேயே திறந்தது. இப்போது சுவர்க் கடிகாரத்தை முன்னால் வைத்திருக்கிறாள்.

பேக்கப் கோடுகளைப் பூட்டுக்குள்ளேயே வைப்பது

என் கதையைச் சொல்லிவிட்டேன். காகிதத்தில் எழுதி, முக்கிய ஆவணங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். பாஸ்வேர்டையும் பேக்கப் கோடையும் ஒரே தாளில் எழுத வேண்டாம். ஒவ்வொரு கோடும் ஒருமுறைதான் செல்லும். பயன்படுத்தியதை அடித்துவிடுங்கள், புதுப் பட்டியல் எடுத்தால் பழைய தாளைக் கிழித்துவிடுங்கள்.

கேட்டதும் 'ஆம்' அழுத்துவது

"உள்நுழைவது நீங்கள்தானா?" என்று போனில் கேட்கும் முறை வசதியானது. அந்த வசதியிலேதான் ஆபத்து. 2022 செப்டம்பரில் ஊபருக்குள் நுழைந்தவர் ஒரு ஒப்பந்ததாரரின் பாஸ்வேர்டை வைத்துத் திரும்பத் திரும்ப உள்நுழைய முயன்றார். ஒவ்வொரு முயற்சிக்கும் அந்த ஒப்பந்ததாரரின் போனில் ஒரு கேள்வி வந்தது. கடைசியில் ஒன்றுக்கு 'ஆம்' விழுந்தது. இதற்காகத்தான் மைக்ரோசாஃப்ட் தன் ஆத்தென்டிகேட்டரில், திரையில் தெரியும் எண்ணைப் போனில் தட்டச்சு செய்ய வேண்டும் என்று 2023 மே மாதம் கட்டாயமாக்கியது. நீங்கள் எங்கும் உள்நுழையாத நேரத்தில் இந்தக் கேள்வி வந்தால், உங்கள் பாஸ்வேர்ட் யாரிடமோ இருக்கலாம் என்று பொருள். 'இல்லை' அழுத்திவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

போலித் தளத்தில் எண்ணைத் தட்டுவதும் இதன் உடன்பிறப்புதான். 30 விநாடியில் காலாவதியாகும் எண்ணைத் திருடி என்ன செய்வான் என்று தோன்றும். போலிப் பக்கத்தின் பின்னால் இருக்கும் நிரல் நீங்கள் தட்டிய கணமே அதை உண்மையான தளத்தில் போட்டுவிடும். பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் சாதனத்தில் இருக்கும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீயும், கையடக்கக் கருவியான செக்யூரிட்டி கீயும் இங்கேதான் வேறுபடுகின்றன. அவை எந்த இணைய முகவரிக்கு உருவானதோ அந்த முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும், ஓரெழுத்து மாறினாலும் அசையாது. முன்னே சொன்ன கூகுள் ஆய்வில் மூன்று வகைத் தாக்குதலையும் முழுதாகத் தடுத்தது செக்யூரிட்டி கீ மட்டும்தான். கீ வாங்குவதாக இருந்தால் இரண்டாக வாங்கி, இரண்டையும் கணக்கில் பதிந்து வையுங்கள்.

சின்னச் சின்னவை

ஓடிபி பூட்டுத் திரையிலேயே தெரியும்படி விடுவது. பொதுக் கணினியில் 'இந்தச் சாதனத்தை நம்பு' என்பதை டிக் செய்வது. சொந்தக் கணினியில் அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, தினமும் எண் கேட்கிறதே என்று கோபப்படுவது.

எண்ணை விட்டுவிட்டு, கணக்கை மறப்பது

மொபைல் எண்ணைக் கைவிட்டால் சில காலம் கழித்து நிறுவனம் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். ஓடிபியும் மீட்பு இணைப்பும் அவருக்குப் போகும். பழைய சிம்மைத் தூக்கிப் போடுவதற்கு முன், அந்த எண் எந்தெந்தக் கணக்கில் இருக்கிறது என்று உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். நான் போட்டபோது 23 கணக்குகள் தேறின. இரண்டில், பத்து வருடத்துக்கு முன் விட்ட எண் இன்னும் மீட்பு எண்ணாக இருந்தது. அந்த எண்ணுக்கு ஒருமுறை அழைத்துப் பார்த்தேன், யாரோ எடுத்து "ஹலோ" என்றார்.