க்ரேயான் தாளைக் கவிழ்த்து வரையலாம்

ஒரு தாள் முழுக்க மெழுகு க்ரேயான் தீட்டி, அதை வெறும் தாளின் மேல் கவிழ்த்து, முதுகுப் பக்கத்தில் பேனாவால் வரைந்தால் அடியில் வண்ணக் கோடு விழும். கார்பன் பேப்பர் வேலைதான். ஆனால் நேராக வரையும்போது கிடைக்காத, சொரசொரவென்று விட்டுவிட்டு ஓடும் கோடு இதில் வரும்.

தீட்டும் தாள் 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) போதும். கெட்டித் தாளில் பேனாவின் அழுத்தம் கீழே இறங்காது.

முதலில் வெள்ளைச் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தாளெங்கும் தேய்த்துக்கொள்ளுங்கள். அதன் மேல்தான் க்ரேயான். இது எதற்கு என்று தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் கோடே விழுவதில்லை. மெழுகு நேராகக் காகித நாரைப் பிடித்துக்கொண்டால் எவ்வளவு அழுத்தினாலும் விடாது. நடுவில் சாக்பீஸ் தூள் இருந்தால் பிடி தளர்ந்து பெயர்ந்து வரும். க்ரேயானில் கஞ்சத்தனம் கூடாது. குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை, வெள்ளை தெரியாதபடி தீட்டுங்கள். கை வலிக்கும். வலிக்கவில்லை என்றால் இன்னும் மெழுகு வேண்டும் என்று அர்த்தம்! மஞ்சள் தனியாக எடுபடாது. கறுப்பு, நீலம், கருஞ்சிவப்பு நன்றாக விழும். பட்டை பட்டையாகப் பல நிறம் தீட்டினால் ஒரே கோடு நிறம் மாறிக்கொண்டே போகும்.

அப்புறம் இரண்டு தாளையும் மேல் ஓரத்தில் மட்டும் டேப் போட்டு ஒட்டுங்கள். தூக்கிப் பார்த்துவிட்டு அதே இடத்தில் திரும்ப வைக்கலாம். அடியில் கண்ணாடியோ பலகையோ இருக்கட்டும். நோட்டுப் புத்தகம் மெத்தென்று அமுங்கி அழுத்தத்தைத் தின்றுவிடும். வரைய எனக்குப் பிடித்தது மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா. பென்சில் கூர் உடைந்து தாளைக் கிழிக்கும். ஆனால் மை இல்லாததால் எதை வரைந்தோம் என்று தெரியாமல் தடுமாறுபவர்கள் எழுதும் பேனாவையே வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளங்கை ஊன்றும் இடத்திலும் கறை விழும். வேண்டாம் என்றால் கையைத் தாளில் படாமல் தூக்கி வையுங்கள். எனக்கு அந்தக் கறை பிடிக்கும். ஓவியர் பால் க்ளே (Paul Klee) எண்ணெய் வண்ணம் பூசிய தாளை இதே போல வைத்து வரைந்த படங்களிலும் அந்த அழுக்குத் தீற்றல்கள் உண்டு.

பின்சேர்க்கை: எழுத்து இடவலம் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோல் வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். க்ரேயான் தாளைக் கீழே வைத்து, வெறும் தாளை அதன் மேல் போட்டு வரைந்திருப்பீர்கள். அப்போது படம் தாளின் மறுபக்கத்தில் விழும். அடுக்கை மாற்றினால் சரியாகிவிடும். தீட்டிய தாளையும் தூக்கிப் போடாதீர்கள், மெழுகு பெயர்ந்த இடத்தில் அதே படம் வெளிறிய கோடாக இருக்கும்.