பழைய மொரிஸ் மைனரில் பிரேக் ஒரு பக்கம் இழுத்தால்

பிரேக் பிடிக்கும்போது கார் இடப்பக்கம் இழுக்கிறதா? பெரும்பாலும் பழுது வலப்பக்கத்தில்தான்: பிரேக் சிலிண்டர் (ஓயில் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளுவது) இறுகியிருக்கும், அல்லது ஓயில் கசிந்து ஷூவை (ட்ரம்மின் உட்புறத்தை உரசிச் சில்லை நிறுத்துவது) நனைத்திருக்கும். மைனரின் முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர்கள் உண்டு. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ட்ரம்மை மூடாதீர்கள். கொழும்பின் ஈரக்காற்றில் பிரேக் ஓயில் நீரை உறிஞ்சும், உள்ளே துரு பிடிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஓயிலை முழுதாக மாற்றுங்கள்.

பெடலை விட்ட பிறகும் சில்லு இறுகியே நின்றால், ஜக்கில் தூக்கி பிளீட் நிப்பிளை (பிரேக் ஓயிலை வெளியே விடும் சிறு திருகு) சற்றுத் தளர்த்துங்கள். உடனே சுழன்றால் அழுத்தம் உள்ளே அடைபட்டிருந்தது. ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கியிருக்கலாம், வெளியே புதிதுபோலவே தெரியும். சுழலாவிட்டால் சிலிண்டர் அல்லது ஷூ.

முன் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். நின்றுவிட்டால் பெயரிங். நிற்காவிட்டால் ட்ரனியன், அதாவது முன் சில்லைத் தாங்கித் திரும்பவிடும் மரை மூட்டு. இதைத் தள்ளிப்போடவே கூடாது: மரை தேய்ந்தால் ஓட்டத்திலேயே சில்லு மடிந்து கார் முன்பக்கமாக விழும். 1000 மைலுக்கு ஒருமுறை, சில்லைத் தூக்கி வைத்துக்கொண்டு கிரீஸ் அடியுங்கள். பாரம் இருந்தால் கிரீஸ் உள்ளே சரியாக இறங்காது.

மட்கார்டை அழுத்திவிட்டால் ஒருமுறைக்கு மேல் துள்ளுகிறதென்றால் டம்பரில் (துள்ளலை அடக்கும் கருவி) ஓயில் குறைவு. அதற்குரிய ஓயிலையே ஊற்றுங்கள், பிரேக் ஓயிலை அல்ல.

கொழும்பின் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் சிலிண்டர் கிட் (சிலிண்டருக்கான மாற்று ரப்பர்கள்) வாங்கும்போது பழைய ரப்பரைக் கையோடு கொண்டுபோங்கள், அளவு தவறாது.