அமெரிக்காவில் தனிநபரிடம் ஆன்லைனில் துப்பாக்கி வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

முதலில் விசா. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற ஒருசில விலக்குகளே உண்டு. கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர்கள் மேலே படிக்கலாம். இந்தியாவில் கதையே வேறு: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் எதுவும் கிடையாது. "வீட்டுக்கே டெலிவரி" என்று வாட்ஸ்அப்பில் வருவது ஒன்று மோசடி, இல்லையென்றால் போலீஸ் கேஸ்.

அமெரிக்காவில் வேறு மாநிலத்துக்காரரிடம் வாங்கும் துப்பாக்கி நேராக உங்கள் கைக்கு வரக்கூடாது. எஃப்.எஃப்.எல். என்னும் கூட்டாட்சி உரிமம் உள்ள டீலரிடம் வந்து, துப்பாக்கி வாங்குபவருக்கான 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தை நீங்கள் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் கிடைக்கும். அலுப்பான இந்த நடைமுறையில்தான் ஏமாற்றுக்காரன் மாட்டுவான். நிஜமாகத் துப்பாக்கி வைத்திருப்பவர் சீக்கிரமே "உங்க டீலர் யாரு?" என்று கேட்பார். "அட்ரஸ் குடுங்க, நாளைக்கே யு.பி.எஸ். கூரியர்ல போட்டுடறேன்" என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். யு.பி.எஸ்., ஃபெட்எக்ஸ் இரண்டுமே உரிமம் இல்லாத தனிநபரிடம் இப்போது துப்பாக்கிப் பார்சலை வாங்குவதில்லை. அதனால் விற்பவரும் பெரும்பாலும் தன் ஊர் டீலர் மூலமாகத்தான் அனுப்பியாக வேண்டும். அந்த டீலர் பெயரைக் கேளுங்கள். கடையின் போன் நம்பரை நீங்களே தேடி எடுத்து, "இவர் உங்கள் வழியாக அனுப்புகிறாரா?" என்று விசாரியுங்கள். விற்பவர் கொடுக்கும் நம்பரில் விசாரிப்பது வீண். அதை எடுப்பவனும் அவன் ஆளாகவே இருப்பான்.

விற்பவர் தன்னை டீலர் என்று சொல்லி உரிமத்தின் நகலை அனுப்பினால் உடனே நம்பிவிட வேண்டாம். துப்பாக்கி டீலர் உரிமம் கொடுக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏ.டி.எஃப்.-இன் 'ஈஸி செக்' இணையப் பக்கத்தில் உரிம எண்ணின் முதல் மூன்று, கடைசி ஐந்து இலக்கங்களைப் போட்டால் உரிமம் நடப்பில் உள்ளதா, எந்த முகவரிக்குரியது என்று தெரியும். ஆனால் உரிம நகல்கள் டீலர்களுக்குள் சாதாரணமாகக் கைமாறுபவை. நிஜ உரிமத்தின் நகலைத் திருடி மின்னஞ்சலை மட்டும் மாற்றி அனுப்புவது பழைய தந்திரம். உரிமம் உண்மை என்றால் எதிரில் இருப்பவரும் உண்மை என்று ஆகிவிடாது. அங்கேயும் கடைக்குப் போன் செய்வதுதான் வழி.

படங்களைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். பழைய ஏல விளம்பரத்திலிருந்து சுட்ட படமானால் பெரும்பாலும் அங்கேயே பிடிபடும். உங்கள் பெயரும் இன்றைய தேதியும் எழுதிய தாளைத் துப்பாக்கிக்கு அருகில் வைத்துப் படம் கேட்பது வழக்கம். இப்போது அதையும் கணினியில் ஒட்டிவிடுகிறார்கள். தாளின் நிழல் துப்பாக்கியின் நிழல் விழும் பக்கமே விழுகிறதா, முதல் படத்திலிருந்த கீறல் இதிலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இதைவிட நல்லது இரண்டு நிமிட வீடியோ அழைப்பு: துப்பாக்கியின் நகரும் மேற்பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று காட்டி, சீரியல் நம்பரை நெருக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். அழிக்கப்பட்ட சீரியல் நம்பர் என்றால், வைத்திருப்பதே குற்றம், விலகிவிடுங்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. டீலர் செய்யும் பின்னணிச் சோதனை உங்களைப் பற்றியது, துப்பாக்கியைப் பற்றியது அல்ல. அது திருட்டுப் பொருளா என்று அதில் தெரியாது. திருட்டுத் துப்பாக்கிகளின் தேசியப் பட்டியலைத் தனிநபர் பார்க்க முடியாது. சீரியல் நம்பரைச் சொல்லி, சரிபார்த்துத் தருவார்களா என்று உள்ளூர்ப் போலீசின் அவசரமற்ற எண்ணில் கேளுங்கள்.

பணம் ஸெல், கேஷ் ஆப் போன்ற பணம் அனுப்பும் ஆப்கள், கிஃப்ட் கார்டு, கிரிப்டோ எதில் போனாலும் போனதுதான். பேபால் துப்பாக்கி விற்பனையை அனுமதிப்பதில்லை. அதனால்தான் "நண்பருக்கு அனுப்புற மாதிரி போடுங்க" என்பார்கள். அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது. விற்பவர் துப்பாக்கியைத் தனக்காக விற்றுத் தரும்படி டீலரிடம் கன்சைன்மென்ட்டாகக் கொடுத்து நீங்கள் கடைக்குக் கிரெடிட் கார்டில் கட்டுவதே நல்லது. அது முடியாதபோது அஞ்சலக மணி ஆர்டர்; ஒன்றில் 1,000 டாலர் வரைதான் எடுக்கலாம். பின்னணிச் சோதனையில் நீங்கள் தேறாவிட்டால் பணம் எப்படித் திரும்பும், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். பணம் போன பிறகு "இன்ஷூரன்ஸ், பெர்மிட்டுக்கு இன்னும் கொஞ்சம்" என்று கேட்டால் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.

துப்பாக்கி வந்ததும், 4473-இல் கையெழுத்திடுவதற்கு முன்பே கவுன்டரில் சீரியல் நம்பரையும் நிலையையும் ஒப்பிடுங்கள். கைமாறிய பிறகு திருப்பி அனுப்ப இன்னொரு டிரான்ஸ்ஃபர், இன்னொரு கட்டணம்.

ஏமாந்துவிட்டால் உடனே வங்கியை அழையுங்கள். பிறகு இணையக் குற்றங்களுக்கான எஃப்.பி.ஐ.-இன் ஐசி3 தளத்தில் புகார் கொடுங்கள். "ஏ.டி.எஃப்.-இடம் உங்களைப் போட்டுக்கொடுப்பேன்" என்று ஏமாற்றியவன் மிரட்டினாலும் பதில் போடாமல் அந்தச் செய்தியையும் புகாரோடு சேருங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு பணத்தை மீட்டுத் தருவதாக யாராவது வந்தால், அது அதே மோசடியின் இரண்டாம் சுற்று.