கார் பெயின்ட்டில் கோடு போடுவது பெரும்பாலும் நாமேதான்

காலையில் காரை எடுக்கும் முன் காய்ந்த துணியால் மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை துடைத்துவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பெயின்ட்டுக்கு அதைப்போலக் கெடுதல் வேறில்லை. நிறத்துக்கு மேலே பளபளப்புக்காக அடித்திருக்கும் கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான்தான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ராத்திரி படிந்த தூசியில் பொடி மணலும் கலந்திருக்கும். அதைத் துணியால் இழுப்பதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் ஒன்றுதான். சந்தேகமிருந்தால் கறுப்புக் கார் ஒன்றை வெயிலில் பாருங்கள், வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும்.

முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மணலை இறக்கிவிட வேண்டும். அப்புறம்தான் கார் ஷாம்பூவும் மைக்ரோஃபைபர் துணியும். துணியை அலச தனி வாளி வேண்டும். சக்கரம் துடைத்த துணி பானெட் பக்கமே வரக்கூடாது. தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி துடைப்பவர்கள்தான் அதிகம். அதை அலசாமல் தொடாதீர்கள். தூசியோடு இருக்கும் காருக்குக் கவர் போடுவதும் இதே கதைதான்: காற்றில் கவர் அசைய அசைய உள்ளிருக்கும் மணல் தேய்க்கும். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் உப்புத் திட்டு வேறு.

ஆயுத பூஜைக்கு மாலையைக் கம்பியால் கட்டி பானெட் மேல் தொங்கவிட்டு ஊரைச் சுற்றி வருவதையும் இதில் சேர்க்கலாம். நூலால் கட்டினால் சாமி கோபித்துக்கொள்ளாது.

கல் அடிப்பது வேறு விஷயம். ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் பானெட்டின் முன் விளிம்பு அம்மைத் தழும்பாகிவிடும். இடைவெளி விடுங்கள், அல்லது முந்திப் போய்விடுங்கள். ‘செராமிக் கோட்டிங் போட்டிருக்கேனே’ என்று நம்பிப் பயனில்லை. அது சில மைக்ரான் தடிமன்தான். தண்ணீர் ஒட்டாது, கழுவுவது சுலபம், ஆனால் கல்லைத் தாங்காது. கல்லைத் தாங்குவது 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமனுள்ள பிபிஎஃப் என்ற ஒளிபுகும் படலம். கார் முழுக்க ஒட்டினால் செலவு கையைக் கடிக்கும். பானெட், முன் பம்பர், பக்கவாட்டுக் கண்ணாடிகளின் மூடிகளுக்கு மட்டும் ஒட்டினாலே போதும் என்பது என் கருத்து.

பெயின்ட் பெயர்ந்த இடத்தை ‘சின்னதுதானே’ என்று விடுவது அடுத்த தவறு. தகரம் தெரிந்தால் ஒரு மழைக்காலத்திலேயே துரு பிடித்து, சுற்றியுள்ள பெயின்ட்டையும் கிளப்பத் தொடங்கும். பல கார்களில் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் பெயின்ட் நிறத்தின் குறியீட்டு எண் இருக்கும். அந்த எண்ணுக்கேற்ற டச்சப் பாட்டிலை வாங்கி, இடத்தைச் சுத்தம் செய்து, மெல்லிய தூரிகையால் காயக் காய இரண்டு மூன்று முறை வைக்கலாம்.

கீறலைக் கண்டதும் ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையை எடுத்து அழுத்தித் தேய்க்கிறோம். அது கீறலை நிரப்பாது. சுற்றியுள்ள கிளியர் கோட்டைத்தான் சீவும். விரல் நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். மாட்டாமல் வழுக்கினால் பாலிஷிலேயே பெரும்பாலும் போய்விடும். மாட்டினால் காம்பவுண்டை வைத்துவிட்டு பெயின்டரிடம் காட்டுங்கள்.